இடுப்பு எலும்பில் உட்கார்ந்த பல் செட்

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கண்ணாடிக் கதவு போட்ட பல் ஆஸ்பத்திரி ஒன்று வந்திருக்கிறது. போன மாதம் அங்கே போயிருந்தேன். ஊரார் வாயில் பல் கட்டியே பிழைத்தவனுக்குச் சொந்தப் பல் விழக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. விழுந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைக்கலாம் என்றார் அங்கிருந்த இளம் டாக்டரம்மா. "ஆனா சார், அந்த இடத்துல எலும்பு பத்தல. முதல்ல எலும்பு போட்டு மேடாக்கணும். அது ஒட்டினதுக்கு அப்புறம்தான் ஸ்க்ரூ."

சொல்லிவிட்டு ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். உள்ளே வெள்ளையாக ரவை மாதிரி இருந்தது.

"இது யாரோட எலும்பும்மா?"

"மாட்டு எலும்பு சார். எல்லாம் சுத்தம் பண்ணித்தான் வருது."

"மாட்டுக்குத் தெரியுமா?"

அவர் சிரித்தார். "எங்க காலத்துல ஆளோட இடுப்புலயே வெட்டி எடுத்து தாடையில வெச்சாங்கம்மா. இந்த ஆரணிப் பக்கத்து ஆளு ஒருத்தருக்குத்தான்" என்று நான் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். "இம்ப்ளான்டே இல்லாத காலத்துல எதுக்கு சார் எலும்பு?" வெளியே காத்திருந்தவர்கள் முறைத்த முறைப்பில் பாதிக் கதையோடு எழுந்து வந்துவிட்டேன். முழுக் கதையையும் இங்கே எழுதுகிறேன்.

நான் பல் டாக்டர் இல்லை. பல் மெக்கானிக். டாக்டர் வாயில் அளவெடுப்பார், அந்த அளவுக்குப் பல் செட் செய்து கொடுப்பது என் வேலை. ஆரணிக்குத் தெற்கே இருக்கும் சேத்துப்பட்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத வீட்டில் பிறந்தேன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மெட்ராஸில் ஒரு பல் செட் பட்டறையில் சேர்ந்தேன். சில வருஷம் பிளாஸ்டர் கலக்கினேன், மெழுகில் பல் அடுக்கினேன், மற்றவர்கள் செய்த தப்புக்கெல்லாம் திட்டு வாங்கினேன். அத்துடன் என் படிப்பு முடிந்தது. எழுபதுகளின் நடுவில் ஆரணிக்கு வேலைக்கு வந்தேன். பெயர்ப் பலகையில் மெக்கானிக் என்று போட்டிருந்ததைப் பார்த்து ஒருவர் பம்ப்செட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். என் முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

எங்கள் டாக்டர் பெயர் ரங்கநாதன். ஊரில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. கொறடு டாக்டர் என்றால்தான் தெரியும். பட்டுச் சேலைக் கடை ஒன்றின் மாடியில் கிளினிக். மேலே பல் பிடுங்கும்போது எழும் சத்தம் கீழே முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்கள் காதில் விழும். கடைக்காரர் ஒருநாள் மேலே வந்து, "டாக்டர், கல்யாணப் பார்ட்டி பாதியிலயே எழுந்து போயிட்டாங்க. ஒரே பேஜாரா கீது" என்று முறையிட்டார். டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உன் வெலையக் கேட்டுக் கத்தறாங்கன்னு நெனச்சுப் போயிருப்பாங்க" என்றார்.

வலிக்காது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. "வலிக்கும். கத்தறதுன்னா கத்து. ஆனா வாயைத் தெறந்துகினே கத்து." அவ்வளவுதான் அவருடைய ஆறுதல். பிடுங்கி முடித்துப் பஞ்சை வைத்ததும் ஒரு பாட்டு உண்டு, எல்லாருக்கும் ஒரே பாட்டு. "துப்பாதே. கொப்புளிக்காதே. பீடி கூடாது, சுருட்டு கூடாது. கலர் சோடா குடிச்சா குழாய் போட்டு உறிஞ்சாதே. குழியில ரத்தம் ஒறைஞ்சாத்தான் ஆறும். உறிஞ்சின, அது பேத்துகினு வந்துடும். அப்புறம் வலி உயிரை எடுக்கும்." சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். சில நாளில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள், குழி ஆறாமல். மற்ற ஊர் டாக்டர்களுக்கு எப்போதோ ஒன்று வருமாம். எங்களுக்கு வாரம் தவறாமல் வரும். பீடி பிடித்தாயா என்று டாக்டர் கத்துவார். சாமி சத்தியமா இல்லிங்க என்பார்கள். "இந்த ஊர்க்காரன் சாமி மேல சத்தியம் பண்ணிகினே புளுகுவான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குழியைக் கழுவி மருந்துத் துணி வைப்பார். அவர் பையில் எந்நேரமும் ஒரு சிகரெட் பாக்கெட் இருந்தது வேறு விஷயம்.

இனி ஏகாம்பரத்துக்கு வருகிறேன். ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் வீட்டுத் தறி வைத்திருந்த நெசவாளர். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தார். வயது முப்பத்தாறு என்றார். டாக்டர் நம்பாமல், "உன் வயசக் கேட்டேன்யா, உன் புள்ள வயச இல்ல" என்றார். இருபதுகளிலேயே ஈறு வியாதியில் பல்லெல்லாம் ஆடி, சந்தையில் கடை விரித்துப் பல் பிடுங்குகிற ஒருவனிடம் போயிருக்கிறார். அவன் பல்லோடு கொஞ்சம் எலும்பையும் சேர்த்து எடுத்துவிட்டான். பிறகு எங்கோ கட்டிய ஒரு செட், பொருந்தாமல் ஆடி ஆடியே மிச்ச எலும்பையும் தேய்த்தது. கன்னம் உள்ளே போய், மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருந்தன.

மேல் செட் அண்ணத்தில் பிடித்துக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அந்த வசதி கிடையாது. தாடை எலும்பு வரப்பு மாதிரி உயர்ந்திருந்தால்தான் அதன்மேல் உட்காரும். ஏகாம்பரத்துக்கு வரப்பே இல்லை. இரண்டு முறை அளவெடுத்து இரண்டு கீழ் செட் செய்து கொடுத்தேன். முதலாவது, வேலை கொடுக்கும் முதலாளிக்கு வணக்கம் சொல்லும்போது அவருடைய காப்பி டம்ளரில் விழுந்தது. இரண்டாவது, ஒரு தும்மலில், நெய்யும்போது கால் தொங்கவிடும் தறிக்குழிக்குள் போய்விட்டது.

"பல்லு இல்லாம எத்தினியோ பேரு கீறாங்க. கூழக் குடிச்சிகினு சும்மா இரேன்யா" என்றார் டாக்டர்.

ஏகாம்பரம் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "துன்றதுக்கு இல்லிங்க டாக்டரு. போன மாசம் நானும் எங்க வூட்டுதும் போளூரு பஸ்ல போனோம். கண்டக்டரு அதுங்கிட்ட சொல்றாரு, அப்பாவ ஜன்னலோரம் உக்கார வெய்யிமா, வாந்தி எடுத்துருவாருன்னு. பஸ்ஸே பாக்குது. அன்னிக்கி எறங்கிப் போனதுதான், இன்னிவரிக்கும் எங்கூட எங்கியும் வர்றதில்ல. சோறு போடும், தறிக்கு நூல் தார் சுத்திக் குடுக்கும். மூஞ்சப் பாத்துப் பேசாது. சண்டை போட்டாலாச்சும் பரவால்ல."

நான் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தவன் அடுப்பைக் குறைத்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

டாக்டர் அன்று சாயங்காலம் மெட்ராஸில் இருந்த ஒரு நண்பருக்கு டிரங்க் கால் போட்டார். கூடப் படித்தவர், தாடை அறுவையில் தேர்ந்தவர். இடுப்பு எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தாடைமேல் வைத்துக் கட்டி, ஈறால் மூடித் தைப்பது என்று அவர் ஒரு வழி சொன்னார். ஒட்டிக்கொண்டால் வரப்பு உயரும், செட் உட்காரும். புத்தகத்தில் இருந்த வைத்தியம்தான், ஆரணியில்தான் யாரும் கேள்விப்பட்டதில்லை. அடுத்த முறை ஏகாம்பரம் வந்தபோது டாக்டர் எதையும் மறைக்கவில்லை.

"இடுப்புல வலிக்கும். தாடையில வலிக்கும். நடுவுல கீற உனக்கு எப்படி இருக்கும்னு நீயே பாத்துக்கோ."

"எல்லாம் பண்ணா ஒட்டிக்குங்களா?"

"ஒட்டாமயும் போவும். அப்போ இடுப்பும் போச்சு, தாடையும் போச்சு, இதே மூஞ்சிதான்."

ஏகாம்பரத்துக்கு வேறொரு கவலை. "எங்க வூட்ல கறி சமைக்க மாட்டோங்க. வாயில எலும்ப வெக்கறதுன்னா..."

"அது உன் எலும்புதான்யா. உன்ன நீயே கடிச்சிக்கிறதுல என்னா பாவம்?"

இந்த விளக்கம் ஏகாம்பரத்துக்குத் திருப்தியாக இருந்தது. பண்ணுங்க என்று சொல்லிவிட்டார்.

என் பங்குக்கு ஏகாம்பரத்தின் தாடையைப் பிளாஸ்டரில் வார்த்து, அதன்மேல் எலும்பு எவ்வளவு உயரம் வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்று மெழுகில் செய்து கொடுத்தேன். அறுவை டாக்டர் அந்த மெழுகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எலும்பைச் சீவுவாராம். மூவரும் மெட்ராஸ் போனோம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பகல் முழுக்க ஆனது. எங்கள் டாக்டர் வெளியே வந்து முகத்துணியைக் கழற்றி, "உன் மெழுகு கொஞ்சம் ஜாஸ்தி. உன்னால அவன் இடுப்புல இன்னொரு சீவல் எடுக்க வேண்டியதாப் போச்சு" என்றார். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். சரியாகத்தான் போயிருக்கிறது என்று அந்த டீயிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஏகாம்பரம் ஊர் திரும்பினார். வாய்க்கு வைத்தியம் பார்க்கப் போனவன் நொண்டிக்கொண்டு வருகிறானே என்று முள்ளிப்பட்டே வந்து பார்த்ததாம். எங்கள் டாக்டர் வழக்கமான பாட்டைப் பாடினார், இந்த முறை இரண்டு தடவை. ஏகாம்பரமும் இரண்டு தடவை தலையாட்டினார். தையல் பிரித்தபோது ஈறு இளஞ்சிவப்பாக, அழகாக மூடியிருந்தது. தடவிப் பார்த்தால் கீழே மேடு தெரிந்தது. டாக்டர் என்னையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இடுப்பு தேறியதும் தறியில் உட்காரலாமா என்று ஏகாம்பரம் கேட்டார். "தறி என்னா தாடையிலயா கீது? தாராளமா உக்காரு" என்றார் டாக்டர்.

சில வாரம் கழித்து வந்தபோது முன்பக்கத்தில் ஈறு பிளந்திருந்தது. பிளவுக்குள் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. ஒட்ட வைத்த எலும்புக்கு ஈறுதான் போர்வை. வெளிச்சம் பார்த்துவிட்டால் அது செத்துப்போகத் தொடங்கும், செத்த இடத்திலிருந்து பக்கத்துக்கும் பரவும். டாக்டர் உப்புத் தண்ணீர் பீச்சிக் கழுவினார், மருந்து தோய்த்த மஞ்சள் துணிப் பட்டையை வைத்தார். அடுத்த முறை பிளவு பெரிதாகியிருந்தது. அதற்கடுத்த முறை இன்னும் பெரிதாக. ஏகாம்பரம் வாயைத் திறந்தபடி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். டாக்டர் பஞ்சை மாற்றிக்கொண்டே இருப்பார். அவர் திட்டாமல் வேலை பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஒருநாள் காலையில், "ஏறு" என்று ஸ்கூட்டரை உதைத்தார். "அவன் பீடி பிடிக்கிறதக் கையும் களவுமாப் புடிச்சி, அந்தப் பீடியாலயே சுடறேன் பாரு."

முள்ளிப்பட்டில் அந்தத் தெரு முழுக்கத் தறிச் சத்தம். அறிவிப்பில்லாமல் உள்ளே நுழைந்த டாக்டர் முதலில் மோந்து பார்த்தார். பிறகு மாடத்தில் தேடினார், தலையணையைத் தூக்கிப் பார்த்தார். போலீஸ்காரர்கூட இதைவிட மரியாதையாகத் தேடுவார். ஏகாம்பரம் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்காமல், "இன்னா தேட்றீங்க டாக்டரு?" என்றார்.

"பீடி."

கதவோரம் நின்றிருந்த பெண் பதில் சொன்னார். ஏகாம்பரத்தின் மனைவி லோகநாயகி. நாங்கள் முதல்முதலாக அவரைப் பார்ப்பது அப்போதுதான். "அவுரு பீடியத் தொட்டதே இல்லிங்க. அந்த நாத்தமே எனுக்கு ஆவாது."

கணவருக்காகப் பேசினாலும் கணவர் பக்கம் பார்க்காமல்தான் பேசினார். டாக்டர் நம்பினாரோ என்னவோ, முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மோர் வந்தது. சேலையைச் சீக்கிரம் முடித்துத் தர வேண்டும் என்று முதலாளி ஆள் அனுப்பியிருந்ததால், கோச்சிக்காதீங்க என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் நெய்யத் தொடங்கினார். குறுக்கு நூலைச் சுமக்கும் படகு வடிவ மரக்கட்டையான நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. அதற்குள் நூல் சுற்றி வைத்திருந்த சின்னக் குழலில், அதாவது தாரில், நூல் தீர்ந்தது. ஏகாம்பரம் நாடாவை எடுத்து, காலித் தாரைக் கழற்றிப் புதிய தாரைப் போட்டார். நாடாவின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை உண்டு, நூல் அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். நூல் நுனியை உள்ளே துளையருகில் வைத்து, நாடாவை உதட்டுக்குக் கொண்டுபோய், கன்னம் ஒட்ட உஸ் என்று ஒரே உறிஞ்சு. நூல் வாய்க்கு வந்துவிட்டது. அதை இழுத்துவிட்டு மறுபடி நெய்தார்.

டாக்டர் கையில் மோர் டம்ளர் பாதி வழியில் நின்றிருந்தது.

"யோவ். இப்ப இன்னா பண்ண?"

"இன்னா பண்ணேன்? தார் மாத்தினேன்."

"வாயில இன்னா பண்ண?"

"நூலு எடுத்தேங்க. துளையில நூலு வேற எப்படி வரும்?"

"ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி?"

"அத யாருங்க எண்ணுவா? கண்ணு சிமிட்றத எண்ணுவாங்களா?"

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார். அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அங்கேயும் ஒருவர் நாடாவை உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டிலும் அதே. டாக்டர் திரும்பி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஆறாத குழியெல்லாம் இதுதான்டா. அத்தினி பேரும் சாமி மேல பண்ணது நெஜ சத்தியம்டா. பீடி கேட்டேன், சுருட்டு கேட்டேன், கலர் கேட்டேன். பட்டு நெய்யற ஊர்ல வந்து உக்காந்துகினு நாடாவக் கேக்கலியேடா." சிரிப்பு நின்றதும் முக்காலியை ஒரு உதை விட்டார். இது தெரிந்திருந்தால் ஏகாம்பரத்தின் ஈறு பிளந்திருக்காது. அந்தக் கோபம் அவருக்கு, எனக்கும்தான்.

வாயால் நூல் எடுப்பதை அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் மிச்ச எலும்பும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். தறியை நிறுத்தினால் அடுப்பும் நிற்கும் என்றார் ஏகாம்பரம், அதுவும் உண்மை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கும் கம்பி பையில் இருந்தது. குறட்டால் வெட்டி வளைத்து, துளைக்குள் விட்டு நூலை இழுக்கும்படி ஒரு கொக்கி செய்து பெருமையாக நீட்டினேன். ஏகாம்பரம் துளைக்குள் விட்டு இழுத்தார். பட்டு நூல் பிசிறி அறுந்தது. இன்னொரு தடவை இழுத்தார். இன்னொரு தடவை அறுந்தது.

லோகநாயகி கதவோரத்திலிருந்து வந்தார். "தம்பி, அத எடுத்துகினு போயி பல்லு கட்டுங்க" என்று கொக்கியை என் கையில் கொடுத்துவிட்டு, ஏகாம்பரத்தின் மடியிலிருந்த நாடாவை எடுத்து, உதட்டில் வைத்து, உஸ் என்று உறிஞ்சினார். நூல் வந்தது. நாடாவை நீட்டினார். ஏகாம்பரம் வாங்கிக்கொள்ள மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புடிங்க. அடுப்புல பால் கீது" என்றார் லோகநாயகி.

"யார் உறிஞ்சினா என்னா, நூல் வந்தா சரி" என்றார் டாக்டர். ஸ்கூட்டரில் திரும்பும்போது அவர் என்னைத் திட்டவில்லை. என் கொக்கியைப் பற்றி மட்டும் ஊர் போய்ச் சேரும்வரை பேசினார்.

அன்றிலிருந்து தார் தீரும்போதெல்லாம் ஏகாம்பரம் குரல் கொடுப்பார், லோகநாயகி சமையலறையிலிருந்து வந்து நூல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். தெருவே கேலி பேசியது. லோகநாயகி கொஞ்ச நாளில் போய்வருவதை விட்டுவிட்டு, முறத்தையும் அரிசியையும் எடுத்துவந்து தறியருகிலேயே உட்கார்ந்துவிட்டாராம். இதையெல்லாம் ஏகாம்பரம் வாயைத் திறந்துகொண்டிருக்கும்போதே எங்களிடம் சொல்ல முயல்வார். டாக்டர் பேசாதே என்று நாக்கை அழுத்திப் பிடிப்பார்.

பிளவு பெரிதாவது நின்றது. முன்னால் செத்த சில்லு தானாகக் கழன்று வந்தது. விளிம்பைத் தேய்த்துவிட்டு டாக்டர் காத்திருந்தார். ஈறு மெல்ல மெல்ல மேலேறி மூடிக்கொண்டது. பல மாதம் ஆயிற்று. முன்பக்கம் எலும்பு நாங்கள் நினைத்ததில் பாதிதான் நின்றது, இரண்டு பக்கமும் முழுசாக நின்றது. மெட்ராஸ் நண்பர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, போதும், கட்டு என்றார்.

அந்தச் செட்டைப் போல நான் எதையும் செய்ததில்லை. முதல் அளவெடுத்து, அந்த வாய்க்கென்றே தனித் தட்டு செய்து, பசையில் மறு அளவெடுத்தோம். மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்துப் பார்த்து, டாக்டர் மூன்று முறை கலைத்தார். வரிசை ரொம்ப ஒழுங்காக இருந்தால் பொய் என்று தெரியும் என்று முன்பல் ஒன்றை லேசாகத் திருப்பச் சொன்னார். பிறகு பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் ஈறு போன்ற ரோஸ் நிற பிளாஸ்டிக் மாவை அழுத்தி, மண்ணெண்ணெய் அடுப்பில் வேகவைத்தேன். அவசரப்பட்டு ஆறவைத்தால் வளைந்துவிடும். தண்ணீர் தானாக ஆறும்வரை அடுப்பைவிட்டு எழுந்திருக்கவில்லை.

செட் மாட்டும் நாளில் ஏகாம்பரத்தோடு லோகநாயகியும் மாடியேறி வந்தார். வாசல் பக்கத்து பெஞ்சில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் மேல் செட்டை ஏற்றினார், கீழ் செட்டை வைத்து அழுத்தினார். நாக்கை நீட்டு என்றார். இருமு என்றார். பெரிதாகக் கொட்டாவி விடச் சொன்னார். கீழ் செட் அசையவில்லை. விரலால் நெம்பிப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை. நாற்காலியைச் சுழற்றிப் பெஞ்சுப் பக்கம் திருப்பினார்.

கன்னம் நிரம்பி, உதடு எழுந்து, முப்பத்தேழு வயது ஆள் ஒருவர் அதில் உட்கார்ந்திருந்தார். லோகநாயகி நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஏகாம்பரம்தான் தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கண் கலங்கியது. பிளாஸ்டர் தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

டாக்டருக்கு இதெல்லாம் ஆகாது. உடனே பாட்டைத் தொடங்கினார். "முதல்ல மெதுவானதாத் துன்னு. எங்கனா குத்தினா ஜல்தியா வந்து காட்டு, நீயே அரத்த எடுத்து ராவாதே. ராத்திரி கண்டிப்பாக் கழட்டித் தண்ணியில போட்டுடணும். எலும்புக்கு ஓய்வு வேணும். இல்லன்னா இடுப்பு எலும்பும் தேஞ்சிபூடும்." கீழ் செட் கட்டிய எல்லோருக்கும் அவர் சொன்ன விதி அது. கெஞ்சியவர்கள் உண்டு, சண்டை போட்டவர்கள் உண்டு. யாருக்கும் அவர் தளர்த்தியதில்லை. இந்த எலும்புக்குப் பட்ட பாட்டுக்கு இன்னும் கண்டிப்பாகத்தான் இருப்பார்.

ஏகாம்பரம் சரிங்க என்றார். லோகநாயகி எழுந்து வந்தார். டாக்டர் பக்கம் நின்றுகொண்டு, தரையைப் பார்த்து, எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்து, மெல்லக் கேட்டார்.

"ராத்திரிக்குக் கழட்டியே ஆவணுங்களா டாக்டரு?"

ஏகாம்பரம் திடீரென்று விட்டத்தை ஆராயத் தொடங்கினார். நான் காலிக் கிண்ணத்தில் பிளாஸ்டர் கலக்கினேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார். நான் வேலை பார்த்த காலத்தில் பதில் சொல்ல அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

"வெளக்க அணைக்கிற வரிக்கும் இருக்கட்டும்மா" என்றார். "அதுக்கப்புறம் கழட்டிட்டாப் போதும்."